மட்டக்களப்பில் பழைய கட்டடத்தின் வெளிமுகத்தைத் திருத்துவது: சபை அனுமதி முதல் கடைசிப் பூச்சு வரை

புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் வீதியோடு ஒட்டி நிற்கும் பழைய வீடுகள், கடைகள், பாடசாலைக் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் கெடுகின்றன. அடிச்சுவர் ஊறி உதிரும், ஓட்டுக்கூரை ஒழுகும், யன்னல் நிலையின் அடிக்கட்டை உக்கும். திருத்துபவர் "சின்ன ரிப்பேர்தானே" என்று மேசனை மட்டும் கூப்பிட்டு ஆரம்பிப்பார். மூன்றாம் வாரம் சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து வேலையை நிறுத்துவார். அல்லது யாரும் நிறுத்தாமலே முடிந்து, இரண்டு மாரி கழிய, சீமெந்துப் பூச்சு செங்கல்லையும் கூட்டிக்கொண்டு பெயரும். அனுமதியும் கலவையும் இரு வேறு விஷயங்களாகத் தெரிந்தாலும், சுவரில் எதை எவ்வளவு தொடப்போகிறோம் என்பதை முன்கூட்டி எழுதி வைப்பதுதான் இரண்டுக்கும் தீர்வு.

முதலில்: இந்தச் சுவரில் எந்தெந்த அலுவலகத்துக்குப் பேச்சு உண்டு?

ஒரு கட்டடத்துக்கு ஒரே அலுவலகம் என்று நினைக்க வேண்டாம். மட்டக்களப்பு நகரில் குறைந்தது மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகளும் பொருந்தும். அவற்றுக்கு மேலே மூன்று அலுவலகங்கள் வரலாம், வராமலும் போகலாம்.

தொல்பொருள் திணைக்களத்தில் தொடங்குங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத் தொன்மையாகக் கொள்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இதற்குள் அடங்கும். நகரத்து வீடுகளில் பெரும்பாலானவை பிரித்தானியர் காலத்தவை என்பதால் வயதை வைத்து மட்டும் தாமாக அடங்கமாட்டா. ஆனால் பிற்காலக் கட்டடங்களும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்படலாம்; நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்டவை பல உண்டு. அறிவிக்கப்பட்ட கட்டடமானால் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு கூரை ஓட்டைக்கூட மாற்றக்கூடாது. அது சபை விதிமீறல் மட்டுமல்ல, குற்றம்.

இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். உங்கள் வீடு அறிவிக்கப்படாததாக இருக்கலாம். ஆனால் அரச காணியிலுள்ள தொல் நினைவுச்சின்னம் ஒன்றின் எல்லையிலிருந்து 400 யாருக்குள், அதாவது ஏறத்தாழ 366 மீற்றருக்குள், அது நின்றால் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. கோட்டையைச் சுற்றி 400 யாரை வரைபடத்தில் அளந்து பாருங்கள். புளியந்தீவின் கணிசமான பகுதி உள்ளே வரும்.

வீடு அறிவிக்கப்பட்டதா என்பதை வாய்ப்பேச்சில் கேட்டு விடவேண்டாம். காணியின் நில அளவைப் படத்தின் பிரதியோடு திணைக்களத்துக்குக் கடிதம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அந்தப் பதில் கடிதம் உங்கள் கோப்பின் முதல் தாளாக இருக்கட்டும்.

வாவிக்கரையில் நிற்கும் கட்டடம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களம். கடற்கரையில் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் உள்நோக்கிக் கரையோர வலயம் நீள்கிறது. கடலோடு தொடுத்த வாவியின் விளிம்பும் கணக்கில் வரும். கல்லடிப் பக்கம் இது பெரும்பாலும் பொருந்தும். பிரதான வீதியில் முகப்பு இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும் வீதி எல்லையைக் கேட்க வேண்டும்.

அம்பாறை மாவட்டத்திலும் ஒழுங்கு இதேதான். கல்முனை, அக்கரைப்பற்று என்றால் மாநகர சபை, காரைதீவு, திருக்கோவில் என்றால் பிரதேச சபை. கருமபீடம் மாறும், கேட்கும் கடதாசி அதிகம் மாறாது.

எது பராமரிப்பு, எது மாற்றம்

1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கூரை அமைப்பது, வெளிச்சுவர் கட்டுவது, வெளிச்சுவரில் கதவையோ யன்னலையோ திறப்பது அல்லது அடைப்பது, இரு சுவர்களுக்கு இடையிலுள்ள வெளியைக் கூரையிட்டு மூடுவது எல்லாமே 'மாற்றம்'. மாற்றத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் இன்னும் அகலமாகப் பிடிக்கிறது: கட்டட வேலை எதுவும், பாவனையை மாற்றுவதும் அபிவிருத்தி வேலையே. அதாவது வீட்டின் முன்னறையைக் கடையாக்கினால், ஒரு கல்லையும் தொடாவிட்டாலும், அனுமதி தேவை. இப்போது நடைமுறையிலுள்ள திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் 2021 ஜூலையில் வர்த்தமானியில் வந்தவை. பழைய விதிப் புத்தகத்தை வைத்துப் படம் கீறுபவரிடம் அகப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

வெள்ளையடிப்பது, உடைந்த ஓட்டுக்கு அதே ஓடு போடுவது, உக்கிய பலகைக்கு அதே அளவில் பலகை வைப்பது, உதிர்ந்த பூச்சைத் திரும்பப் பூசுவது போன்றவை பராமரிப்பு. ஆனாலும் சபை ஆணையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, என்ன செய்கிறோம், எந்தப் பொருளால், எத்தனை நாள் என்று சொல்லி, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. வீதியோரத்தில் சாரக்கட்டு நிறுத்தினால் எப்படியும் சபையிடம் போகத்தான் வேண்டும். அயலவர் முறைப்பாடு கொடுத்தால் அந்த முத்திரைதான் பேசும்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்தான இடம் இருக்கிறது. பழைய கட்டடங்களின் முன்சுவர் பெரும்பாலும் இன்றைய கட்டட எல்லைக் கோட்டுக்கு வெளியே, வீதியின் விளிம்பிலேயே நிற்கிறது. நிற்கும் சுவரைத் திருத்தலாம். இடித்துவிட்டு அதே இடத்தில் எழுப்பப் போனால் அது புதுக் கட்டடமாகக் கருதப்படும். புதுச் சுவர் எல்லைக் கோட்டுக்குப் பின்னால்தான் வர வேண்டும். பத்தடி ஆழமுள்ள ஒரு கடைக்கு இது கடையையே இழப்பதற்குச் சமம். ஆகவே சாய்ந்த முன்சுவரை "இடித்துக் கட்டுவது லேசு" என்று மேசன் சொன்னால் கேட்க வேண்டாம். முண்டு கொடுத்து, பகுதி பகுதியாக, ஒரு தடவையில் மூன்றடிக்கு மேற்படாமல் கல்லை மாற்றுங்கள். வேலை நடுவில் சுவர் தானாக விழுந்தாலும் சபையின் கண்ணுக்கு அது இடிந்த சுவர்தான்.

கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

விண்ணப்பப் படிவத்தைச் சபையின் திட்டமிடல் பிரிவில் வாங்கும்போதே எத்தனை பிரதி, எவ்வளவு கட்டணம், திட்டமிடல் குழு எப்போது கூடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்னே கொடுத்த கோப்பு அடுத்த கூட்டத்துக்குத்தான் போகும்.

காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, வீதி எல்லைக் கோடு பற்றிய சான்றிதழ், தகைமை பெற்றவர் ஒப்பமிட்ட வரைபடம் ஆகியவை அடிப்படை. கோப்பு திரும்பி வருவதற்கான முதற் காரணம் வரைபடத்தில் இல்லை, பெயரில்தான் இருக்கும். சோலைவரிப் பதிவில் பாட்டனாரின் பெயர், உறுதியில் மூன்று பிள்ளைகளின் பெயர், விண்ணப்பத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பேரனின் பெயர் என்று இருந்தால் எங்கும் நகராது. சோலைவரிப் பெயரை முதலில் மாற்றுங்கள். கூட்டுரிமையாளர் எல்லோரிடமும் ஒப்பம் அல்லது அற்றோணித் தத்துவம் வாங்குங்கள். கோயில் கட்டடமானால் அதற்குப் பொறுப்பான வண்ணக்கர்மாரின் ஒப்பமும் நிர்வாக சபைத் தீர்மானத்தின் பிரதியும் வேண்டும். இதில் ஒருவரை விட்டுவிட்டால் முறைப்பாடு வெளியிலிருந்து வராது, கோயிலுக்குள்ளிருந்தே வரும்.

வரைபடத்தில் முன்தோற்றம் இருவிதமாக இருக்க வேண்டும்: இப்போது இருப்பது, வேலை முடிந்தபின் இருக்கப்போவது. இரண்டும் 1:100 அளவில், பக்கம் பக்கமாக. தூணின் தலை, யன்னலுக்கு மேலுள்ள வளைவு, கூரைத் தாழ்வாரத்தில் தொங்கும் வெட்டுவேலைப் பலகை போன்றவற்றை 1:20 அளவில் தனியாகக் கீறுங்கள். புது வேலையைச் சிவப்பிலும் அகற்றப்படுவதை மஞ்சளிலும் காட்டுவது வழக்கம். படத்தோடு ஒரு தாள் இணைத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் இப்போதுள்ள பொருள், போடப்போகும் பொருள், கலவை விகிதம் எழுதுங்கள். இப்படி எழுதிய தாள் சபைக்கு மட்டுமல்ல, பிறகு மேசனோடு வாக்குவாதம் வரும்போதும் உதவும்.

படங்கள் எடுங்கள், நிறைய. முகப்பை நேரே நின்று ஒன்று, இரு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, பிறகு ஒவ்வொரு யன்னல், தூண், வெடிப்பு. வெடிப்பின் பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுங்கள். தொடுவதற்கு முன் எடுத்த படம் இல்லாவிட்டால் "முன்பு இப்படித்தான் இருந்தது" என்று நிரூபிக்க வழியில்லை.

அனுமதிப்பத்திரத்தில் செல்லுபடியாகும் திகதி இருக்கும். அதற்குள் முடியாது என்று தெரிந்தவுடன் நீடிப்புக் கேளுங்கள், காலாவதியானபின் அல்ல. அனுமதி இல்லாமல் செய்த வேலைக்கு அறிவித்தல் வரும், பிறகு நீதவான் நீதிமன்றம் வழியாக அகற்றும் கட்டளையும் வரலாம்.

எந்த மாதம்

மாரி ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும். அந்த மாதங்களில் வெளிப்பூச்சைத் தொடவேண்டாம், கூரையைத் திறக்கவும் வேண்டாம். கடிதங்களுக்கும் படங்களுக்கும் அதுதான் நல்ல காலம். சுவர் எங்கே ஊறுகிறது, கூரைப் பீலி எங்கே வழிகிறது என்று கண்ணால் பார்க்கவும் மழை வேண்டும். வேலை பெப்ரவரியில் ஆரம்பித்துச் செப்டெம்பரில் முடியட்டும். சித்திரை வருடப் பிறப்போடு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு நாள் வரமாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். அந்த நாட்களில் கூரை திறந்து கிடக்கக்கூடாது.

மேற்கிலிருந்து வறண்டு வரும் கச்சான் காற்று வீசும் நாட்களில் இன்னொரு தொல்லை. சுண்ணாம்புப் பூச்சு ஒரே மத்தியானத்தில் காய்ந்து மயிர்வெடிப்பு விடும். அந்த மாதங்களில் மேற்குப் பார்த்த சுவரைக் காலையில் மட்டும் பூசி, நனைத்த சாக்கு தொங்கவிடுங்கள்.

சுவர்: அவசரப்படக்கூடாத இடம்

முதலில் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். பூச்சை ஓர் ஆணியால் கீறுங்கள். மாவாக உதிர்ந்து உள்ளே வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் சுண்ணாம்புக் காரை. ஆணி சறுக்கிச் சாம்பல் கோடு விழுந்தால் பிறகு யாரோ பூசிய சீமெந்து. பெரும்பாலான வீடுகளில் இரண்டும் இருக்கும். மேலே சுண்ணாம்பு, அடியில் மூன்று நான்கடி உயரத்துக்குச் சீமெந்து.

அந்தச் சீமெந்துதான் நோய். பழைய செங்கல் மென்மையானது. நிலத்து ஈரம் ஏறி, மென்மையான சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும். சீமெந்து அந்த வழியை அடைக்கிறது. ஈரம் சீமெந்துக்கு மேலே ஏறி வெளியேறப் பார்க்கும். இங்கே நிலத்து நீரில் உப்பும் உண்டு. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு பளிங்காகி, செங்கல்லின் நுண்துளைகளை உடைக்கும். சீமெந்துக்குச் சற்று மேலே வெள்ளையாகப் பூத்து, விரலால் தொட்டாலே சிவப்புத் தூள் கொட்டுகிற வரி அதனால் வருவது. அதைக் கண்டு இன்னும் இரண்டடி உயரத்துக்குச் சீமெந்து பூசுவதுதான் ஊர் வழக்கம். வரி இரண்டடி மேலே போகும், வேறொன்றும் நடக்காது. அடைக்கும் வகைப் பெயின்ற் பூசினாலும் கதை இதே.

சீமெந்தைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்திலிருந்து உளியால், கையால், ஓரமாகக் கிளப்புங்கள். இடிக்கும் இயந்திரம் வேண்டாம். செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயருகிறதென்றால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். இறுகிப் பிடித்திருக்கும் சீமெந்தைச் சில இடங்களில் விட்டுவிடுவது செங்கல்லை இழப்பதைவிட மேல். அடியில் ஒன்றிரண்டு அடியையாவது திறந்துவிட வேண்டும்.

திறந்தபின் உப்பை உலர்ந்த தூரிகையால் மட்டும் துடைத்து, கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். பிறகு காயவிட வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. 18 அங்குலச் சுவர் இரு பக்கமும் திறந்திருந்தால் ஒன்பது மாதம். ஆக, நன்றாக ஊறிய சுவருக்கு இரண்டு கோடை வேண்டும். அதுவரை முகப்பு அசிங்கமாக நிற்குமே என்றால், உப்பை இழுத்துக்கொண்டு உதிரட்டும் என்றே ஒரு மெல்லிய சுண்ணாம்புப் பூச்சை அடியில் போடலாம். அடுத்த வருடம் அதைத் தட்டிக் கொட்டிவிட்டு நிரந்தரப் பூச்சைப் பூசுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடாமல் பூசுவதில் பயனில்லை. நகரத்தில் வீதி தார் மேல் தார் போட்டு உயர்ந்துவிட்டது; பல வீடுகளின் தரை வீதியைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. சுவரோடு ஒட்டிய கொங்கிறீற் நடைபாதையை ஒன்பது அங்குலமாவது வெட்டி விலக்கி, அந்த இடைவெளியில் சல்லி நிரப்புங்கள். அது வீதி ஒதுக்கத்துக்குள் வந்தால் சபையிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கானின் சுவரைத் தொடவே வேண்டாம்.

சுண்ணாம்பும் மணலும்

கல்குடாப் பக்கம் முருகைக்கல் எடுத்துச் சூளை வைத்த காலம் இருந்தது. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது இன்று தடை. யாராவது மலிவாகக் கொண்டுவந்தாலும் வாங்க வேண்டாம். கடையில் கிடைக்கும் சுண்ணாம்பு பெரும்பாலும் டொலமைற்றுக் கல்லைச் சுட்டது. வாங்கும்போது கட்டட வேலைக்கான, சுட்டு நீற்றிய சுண்ணாம்புதானா என்று பையைப் பாருங்கள். வயலுக்குப் போடும் டொலமைற்றுத் தூள் சுடாத கல்லை அரைத்தது. அது ஒருநாளும் இறுகாது. பை கிழிந்து காற்றுப் பட்ட பழைய சுண்ணாம்பும் இறுகாது.

சுட்டு நீறாத கட்டியாகக் கிடைத்தால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டாம். கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தூளாக வாங்கினாலும் நீரில் கலந்து களியாக்கி, மேலே இரண்டங்குலத் தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது இரண்டு கிழமை வையுங்கள். டொலமைற்றுச் சுண்ணாம்பு மெதுவாகத்தான் நீறும். நீறாத மணிகள் பூச்சுக்குள் போனால் மாதக் கணக்கில் கழிந்து வீங்கி, அங்கங்கே காசளவுக் குழிகளாகத் தெறிக்கும். அந்தக் குழிகளுக்கு மேசனைப் பிழை சொல்வார்கள். பிழை களியை அவசரப்படுத்தியதில்.

மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கடல் மணல், வாவி மணல் இரண்டும் உப்பு. ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மேலே படியும் சேற்றுப் படை மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கழுவ வேண்டும். கலக்கும் தண்ணீர் குழாய்த் தண்ணீர். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கலக்குவது, உப்பைத் துடைத்துவிட்டு உப்பையே பூசுகிற வேலை.

கலவை: சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மழை அடிக்கும் அடிச்சுவருக்குச் சுண்ணாம்பு ஒன்று, நன்றாக அரித்த செங்கல் தூள் ஒன்று, மணல் இரண்டு. நூறு சதுர அடிக்கு முக்கால் அங்குலத் தடிப்பில், சேதாரம் சேர்த்து, ஏறத்தாழ ஏழு கன அடி மணல் வேண்டும். 15 லீற்றர் வாளிக் கணக்கில் 13 வாளிக்குச் சற்று மேல் மணல், நாலரை வாளிக்குச் சற்றுக் குறைவான களி. அதாவது ஒரு கியூப் (நூறு கன அடி) மணலில் சுமார் 14 சதுரம் பூசலாம்; ஒரு சதுரம் என்பது நூறு சதுர அடி. களி ஈரமாக இருப்பதால் மேலதிகத் தண்ணீர் அநேகமாகத் தேவைப்படாது. தண்ணீர் கூடினால் வெடிக்கும். இளக வேண்டுமென்றால் இன்னும் மிதித்துக் கலக்க வேண்டும், ஊற்றக்கூடாது.

செங்கல் இடுக்குகளை ஓரங்குல ஆழம் சுரண்டி, சுவரை முதல்நாள் மாலையும் காலையும் நனையுங்கள். ஒரே தடவையில் முக்கால் அங்குலம் அப்பினால் தொங்கி விழும். முதற் படை அரை அங்குலத்துக்கு மேற்படாமல் போட்டு, நகம் பதிந்தும் பதியாமலும் இருக்கும் நிலையில் மேற்பரப்பைக் கீறிவிடுங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு மேற்படை. ஒவ்வொரு படையும் குறைந்தது ஐந்து நாள் ஈரமாக இருக்க வேண்டும்.

"கொஞ்சம் சீமெந்து போட்டால் சீக்கிரம் பிடிக்கும், நாளைக்கே வேலை முடியும்" என்று மேசன் கேட்பார். ஒரு தாச்சிதானே என்று விட்டுக்கொடுத்தால், அந்த இடம் மட்டும் வேறாக இறுகி ஓரத்தில் வெடிக்கும். கூலியை நாள் கணக்கில் பேசினால் இந்த அவசரம் பாதி குறையும்.

வெடிப்புக்குப் பூசுமுன் அது இன்னும் நகர்கிறதா என்று பாருங்கள். வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, திகதி எழுதி, ஒரு மாரியைக் கடக்க விடுங்கள். கண்ணாடி உடைந்தால் அத்திவாரம் அசைகிறது, பொறியியலாளர் வர வேண்டும். சுவரில் முளைத்த ஆலங்கன்று, அரசங்கன்றைப் பிடுங்க வேண்டாம். வேர் கல்லையும் இழுத்துக்கொண்டு வரும். அடியில் வெட்டி, வேரைப் பட்டுப்போக விட்டு, காய்ந்தபின் அந்த இடுக்கைத் திறந்து அடையுங்கள்.

நிறம் பற்றி ஒரு சொல். முகப்பின் ஒதுக்கான இடத்தில் கத்தியால் படிப்படியாகச் சுரண்டினால் பழைய நிறங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும். அதில் ஒன்றைத் தெரிந்து விண்ணப்பத்தில் எழுதினால் எந்த அலுவலகத்திலும் கேள்வி குறைவு. பூசுவது சுண்ணாம்பு நீர்: களி ஒன்றுக்குத் தண்ணீர் இரண்டரை அளவில் பால் போலக் கரைத்து வடித்து, நனைத்த சுவரில், நாளுக்கு ஒரு கையாக நான்கைந்து கை. முதல் இரண்டு கை ஒன்றுமே பூசாததுபோல் தெரியும், காய்ந்தபிறகே வெள்ளை எழும். காவி, மஞ்சட்காவி கலப்பதானால் களியின் நிறையில் பத்து வீதத்துக்கு மேல் போகவேண்டாம். கூடினால் கையில் ஒட்டும்.

கூரை

1978 நவம்பர் 23 சூறாவளி இந்தக் கரையோரத்தில் எத்தனையோ ஓட்டுக்கூரைகளைக் கொண்டுபோனது. அதன்பின் அவசரத்துக்குப் போட்ட அஸ்பெஸ்ரஸும் தகரமும் பல வீடுகளில் நிரந்தரமாகிவிட்டன. திரும்ப ஓடு போட விரும்புபவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள்: கள்ளிக்கோட்டை ஓடு அஸ்பெஸ்ரஸைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பாரம். தகட்டுக்கென்று ஐதாகப் போட்ட மரத்தில் அதை ஏற்றினால் முகடு தொய்யும், முன்சுவர் வெளியே தள்ளும். கூரைச் சரிவைத் தாங்கும் கைமரங்களைப் பொறியியலாளர் பார்க்கட்டும். கூரைப் பொருளை மாற்றுவதால் இதைப் பராமரிப்பு என்று சொல்லிச் சமாளிக்க முடியாது, விண்ணப்பத்தில் காட்டுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் தகட்டை வெட்டவோ கிரைண்டர் பிடிக்கவோ கூடாது. நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கி, எங்கே போடுவதென்று சபையிடம் கேளுங்கள்.

ஓடு நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 140. உடைவுக்குப் பத்து வீதம் கூட வாங்குங்கள். பழைய ஓடும் புது ஓடும் பூட்டு அளவில் பொருந்தாமல் போகும், ஒரு வரிசையில் கலந்து அடுக்கினால் ஒழுகும். நல்ல பழைய ஓடுகளை எல்லாம் முகப்புச் சரிவுக்கு ஒதுக்கி, பின்சரிவை முழுக்கப் புது ஓட்டால் வேயுங்கள். காற்று முதலில் பிடிப்பது தாழ்வார ஓரத்தையும் முகட்டையும். ஓரத்து இரண்டு வரிசைகளைச் செம்புக் கம்பியால், ஓடு தங்கும் குறுக்குச் சலாகையோடு கட்டுங்கள். கைமரத்தைச் சுவர்த்தலை மரத்தோடும், அந்த மரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டியால் பிணைக்காவிட்டால் ஓட்டைக் கட்டியும் பயனில்லை.

கதவு, யன்னல், விறாந்தை

உக்கியது பெரும்பாலும் நிலையின் அடி ஆறங்குலம்தான். முழு நிலையையும் கழற்றி அலுமினியம் போடுவது முகப்பையே மாற்றுகிறது, அறிவிக்கப்பட்ட கட்டடத்தில் அனுமதியும் கிடைக்காது. உக்கிய துண்டைச் சரிவாக அறுத்து, அதே மரத்தில் ஒட்டுப் போட்டு, மர ஆணியால் இறுக்கச் சொல்லுங்கள். ஒட்டின் நீளம் மரத் தடிப்பின் மூன்று மடங்கு இருக்கட்டும். முதிரை, பாலை என்று பழைய மரம் எதுவோ அதையே, காய்ந்ததாகத் தேடுங்கள். பழைய வீடு பிரிக்கும் இடங்களில் கிடைக்கும் மரம் புது மரத்தைவிட நல்லது. இரும்பு ஆணி வாவிக்காற்றுக்குத் துருவேறி மரத்தையே பிளக்கும்.

விறாந்தையை அடைத்து அறையாக்குவதுதான் சபையில் அதிகம் மறுக்கப்படும் விண்ணப்பங்களில் ஒன்று. அது வெளிச்சுவரை வீதிக்கு நகர்த்துகிறது. அதற்குப் பதில் உட்பக்கம் மரச்சட்டத் தடுப்பு வைக்கலாம்.

பெயர்ப்பலகை, வயர், குளிரூட்டி

பெயர்ப்பலகைக்குச் சபையில் தனி அனுமதி, தனிக் கட்டணம். முகப்பை முழுக்க அலுமினியத் தகட்டால் மூடினால் உள்ளே ஈரம் அடைபட்டுச் சுவர் ஒளிந்திருந்து உதிரும். அனுமதி கிடைத்தாலும் செய்யாதீர்கள். தூண்களுக்கிடையில், கல்லில் அல்லாமல் இடுக்குக் காரையில் துளையிட்டு, துருப்பிடிக்காத ஆணியில் மாட்டுங்கள். குளிரூட்டியின் வெளிப்பெட்டி பின்பக்கம். அதன் நீர்க் குழாய் முன்சுவரில் சொட்டினால் ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும். சாரக்கட்டு மின்கம்பிக்கு அருகே வந்தால் ஏற்றுமுன்னரே மின் விநியோக அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

முடித்தபின்

வேலை நடுவில் ஏதாவது மாறினால், உதாரணமாகப் பூச்சைத் தட்டியபோது அடைத்த பழைய யன்னல் ஒன்று வெளிப்பட்டு அதைத் திறக்க விரும்பினால், வேலையை அந்த இடத்தில் நிறுத்தி, திருத்திய படத்தைக் கொடுங்கள். இறுதிப் பரிசோதனைக்கு வருபவர் அங்கீகரித்த படத்தையும் சுவரையும் ஒப்பிடுவார், உங்கள் நல்ல நோக்கத்தை அல்ல. படத்தில் இல்லாத யன்னல் ஒன்று இருந்தால் இணக்கச் சான்றிதழ் நிற்கும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வங்கிக் கடனும் வியாபார அனுமதிப்பத்திரமும் இழுபடும்.

சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது முன்பு எடுத்த அதே கோணங்களில் புதுப் படங்களை எடுத்து இணைத்து, கோப்பின் முழுப் பிரதியொன்றை வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு செப்டெம்பரிலும் பீலியில் அடைந்த சருகை அள்ளி, நகர்ந்த ஓட்டைச் சரிசெய்து, அடிச்சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு நீர் பூசினால் போதும். அதற்கு விண்ணப்பம் தேவையில்லை.